மயக்க மருந்தில் இருக்கும் குழந்தையின் பிபி: செட்டிநாட்டுப் பெற்றோரும் தியேட்டர் ஊழியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், புதுவயல் பக்கம் குழந்தைகளுக்குச் செய்யப்படும் ஆபரேஷன்கள் நமக்குத் தெரிந்தவைதான்: குடலிறக்கம், விரைவீக்கம், இறங்காத விதை, முன்தோல் நீக்கம், டான்சில், மாறுகண், தொண்டையில் மாட்டிய நாணயம், மூச்சுக்குழாய்க்குள் போன நிலக்கடலை. இவை எல்லாவற்றிலும் மயக்க மருந்து டாக்டரின் கண் மானிட்டரிலேயே இருக்கும். அதில் தெரியும் பிபி எண்ணைப் பற்றித்தான் இந்தப் பக்கம். முதல் பாதியும் கடைசிக் கேள்விகளும் பெற்றோருக்கும், நடுவில் உள்ளவை தியேட்டரில் வேலை செய்பவர்களுக்கும் கூடுதலாகப் பயன்படும். மருந்தளவுகள் மயக்க மருந்து டாக்டர் பக்கத்தில் இருந்து கொடுக்க வேண்டியவை. வேறு யாரும் கையாள வேண்டாம்.

எட்டு மாதக் குழந்தைக்கு மானிட்டரில் 75/40 காட்டுகிறது. இது லோ பிபி இல்லையா?

இல்லை. பெரியவர்களின் 120/80-ஐ மனதில் வைத்துப் பார்ப்பதால் வரும் பயம் இது. பச்சிளங்குழந்தைக்கு விழித்திருக்கும்போதே மேல் அளவு 60, 70-ஐச் சுற்றித்தான் இருக்கும். ஒரு வயதில் 90 அளவுக்கு வரும். அதன் பிறகு ஆண்டுக்கு இரண்டு என்ற கணக்கில் மெல்ல ஏறும். எனவே விழித்திருக்கும் குழந்தையின் வழக்கமான மேல் அளவுக்கு 90 + (2 × வயது) என்று மனக்கணக்குப் போடலாம். ஐந்து வயதுக்கு 100.

எது குறைவு என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பிறந்து 28 நாள் வரை மேல் அளவு 60-க்குக் கீழே, ஒரு மாதம் முதல் ஒரு வயது வரை 70-க்குக் கீழே, 1 முதல் 10 வயது வரை 70 + (2 × வயது)-க்குக் கீழே, பத்து வயதுக்கு மேல் 90-க்குக் கீழே போனால் குறைவு. நான்கு வயதுக் குழந்தைக்கு இந்தக் கோடு 78.

இந்த எல்லைகள் விழித்திருக்கும் குழந்தையை, அதிலும் நோயுற்ற குழந்தையை அளக்க வந்தவை. மயக்கத்தில் இருக்கும் ஆரோக்கியமான குழந்தையின் பிபி இயல்பாகவே இதைவிடத் தாழ்ந்திருக்கும். மயக்கத்தில் இருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் அளவுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான ஆய்வில், சராசரி அழுத்தத்தின் நடுமதிப்பு பிறந்த குழந்தைக்கு 33, பதினெட்டு வயதில் 67 என்று வந்தது. விழித்திருக்கும்போது இதே எண்களைப் பார்த்தால் எந்த டாக்டரும் பதறுவார். ஆகவே 75/40-ஐப் படிக்கும் முன் வயது என்ன, மயக்கம் எவ்வளவு ஆழம் என்ற இரண்டையும் கேட்க வேண்டும்.

மேல் அளவு, கீழ் அளவு தெரியும். அடைப்புக்குறிக்குள் மூன்றாவதாக ஒரு எண் வருகிறதே?

அதுதான் சராசரி அழுத்தம். மயக்க மருந்து டாக்டர் முதலில் பார்ப்பதும் பெரும்பாலும் அதைத்தான். தானியங்கி பிபி மெஷின் ஸ்டெதாஸ்கோப் வைத்து ஒலி கேட்பதில்லை. கையில் சுற்றிக் காற்றேற்றும் பட்டையான கஃப் மெல்லக் காற்றை விடும்போது, ரத்தக்குழாயின் துடிப்பால் கஃபுக்குள் ஏற்படும் அதிர்வைப் பதிவு செய்கிறது. அந்த அதிர்வு உச்சத்தில் இருக்கும் இடம் சராசரி அழுத்தம். மேல், கீழ் அளவுகளை மெஷின் அதிலிருந்து தன் கணக்கில் வருவிக்கிறது. மூன்றில் மெஷின் நேராக அளப்பது இந்தச் சராசரியை மட்டும்தான். சிறு குழந்தைகளுக்குக் கீழ் அளவு திடீரென 22, 25 என்று வந்தாலும் சராசரி நிலையாக இருந்தால் டாக்டர் பதறாமல் இருப்பது இதனால்தான்.

கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் அளக்கும் கருவியை 1896-இல் உருவாக்கியவர் இத்தாலியரான ரிவா-ரோச்சி. 1901-இல் அதை இத்தாலியில் பார்த்த அமெரிக்க சர்ஜன் ஹார்வி குஷிங் தன் நாட்டுக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் அறையில் பயன்படுத்தினார். மயக்க மருந்து சார்ட்டில் இன்றைக்கும் பிபிக்கு ஒரு வரிசை இருக்கிறதென்றால் அந்த வழியில் வந்ததுதான்.

கஃப் அளவு அவ்வளவு முக்கியமா? ஒரு நம்பர் முன்னே பின்னே இருந்தால் என்ன?

தவறான பிபி எண்ணுக்கு முதல் காரணமே கஃப்தான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே கையின் சுற்றளவை டேப்பால் அளக்க வேண்டும். கஃபுக்குள் காற்று நிரம்பும் பையின் அகலம் அந்தச் சுற்றளவில் 40 சதவீதம் இருக்க வேண்டும். பையின் நீளம் சுற்றளவில் 80 முதல் 100 சதவீதம். எட்டு மாதக் குழந்தையின் கை 15 செ.மீ. என்றால் பையின் அகலம் 6 செ.மீ., நீளம் 12 முதல் 15 செ.மீ. துணியின் அகலத்தை அளக்கக் கூடாது, உள்ளே உள்ள பையின் அகலத்தை அளக்க வேண்டும். நல்ல கஃப்களில் ஒரு முனைக்கோடும் இரண்டு எல்லைக்கோடுகளும் அச்சிட்டிருக்கும். சுற்றிக் கட்டியதும் முனைக்கோடு இரண்டு எல்லைகளுக்கு நடுவில் விழவில்லை என்றால் அந்தக் கஃப் வேண்டாம்.

சிறிய கஃப் பிபியைக் கூட்டிக் காட்டும், பெரிய கஃப் குறைத்துக் காட்டும். இதில் சிறிய கஃபின் பிழைதான் பெரிது, ஆபத்தும் அதில்தான் அதிகம். உண்மையில் தாழ்ந்திருக்கும் பிபியை அது சரியாக இருப்பதுபோலக் காட்டி ஏமாற்றிவிடும். இரண்டு அளவுக்கும் நடுவில் கை இருந்தால் பெரியதை எடுங்கள்.

கட்டும் இடத்திலும் கோளாறு வரும். கொழுகொழுவென்ற குழந்தையின் கை கூம்பு மாதிரி மேலே பருத்துக் கீழே சிறுத்திருக்கும், கஃப் வழுக்கி முழங்கை மடிப்புக்கு வந்துவிடும். டிரிப்ஸ் ஓடும் கையில் கட்டினால் ஒவ்வொரு முறை இறுக்கும்போதும் டிரிப்ஸ் நின்று ரத்தம் பின்னேறும். ஆக்சிஜன் அளவு காட்டும் கிளிப்பும் அதே கையில் இருந்தால் கஃப் இறுகும் நேரத்தில் அளவு விழுந்து அலாரம் அடிக்கும். பிபி ஒரு கையில், டிரிப்ஸும் கிளிப்பும் மறு கையிலோ காலிலோ என்று பிரித்துவிடுங்கள்.

கெண்டைக்காலில் கட்டலாம், ஆனால் கையில் எடுத்த எண்ணோடு அதை ஒப்பிடக் கூடாது. எங்கே தொடங்கினோமோ கடைசிவரை அங்கேயே. இதயத்தில் பிறவிக் கோளாறு இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் வலது கையில் எடுப்பதே முறை, காலில் ஒரு தடவை எடுத்துப் பார்ப்பதும் நல்லது.

கையில் போட்டிருக்கும் வசம்பு வளையல், காப்பு, அரைஞாண் இதையெல்லாம் கழற்றச் சொல்கிறார்கள். அப்பத்தா சம்மதிக்க மாட்டேன் என்கிறார்.

காப்பையும் வளையலையும் கழற்றித்தான் ஆக வேண்டும். டிரிப்ஸ் போட்டபின் குழந்தையின் கை கொஞ்சம் வீங்கினாலும் வளையம் இறுகி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். கரன்ட் வைத்து ரத்தத்தை நிறுத்தும் கருவி ஓடும்போது உலோகம் உடம்பில் இருப்பதும் நல்லதல்ல. அரைஞாண் கயிறு ஆபரேஷன் செய்யும் இடத்திலேயே குறுக்கே வரும். அப்பத்தாவின் மனம் கோணாமல் இருக்க, கழற்றியதை ஒரு துணியில் முடிந்து அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள், குழந்தை வெளியே வந்ததும் அவரே கட்டிவிடட்டும்.

கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, கண்ணில் மை, முகத்தில் எண்ணெய் இவையும் வேண்டாம். மூச்சுக்குழாயை நிறுத்தும் பிளாஸ்திரி எண்ணெய்ச் சருமத்தில் ஒட்டாது. விரலில் கருப்பு மருதாணி இருந்தால் ஆக்சிஜன் கிளிப் சரியாக வேலை செய்யாமல் போகலாம். ஒரு விரலாவது சுத்தமாக இருக்கட்டும்.

மயக்கம் கொடுத்ததும் பிபி ஏன் இறங்குகிறது?

மூக்கில் மாஸ்க் வைத்துக் கொடுக்கும் செவோஃப்ளுரேன் ரத்தக்குழாய்களைத் தளர்த்தும், இதயத்தின் சுருங்கும் வலிமையையும் சிறிது குறைக்கும். நரம்பில் போடும் புரோபோஃபாலும் அப்படித்தான், அதை வேகமாகத் தள்ளினால் இன்னும் அதிகம். குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 2 முதல் 3 மி.கி. வரை தேவைப்படும். பெரியவர்களைவிட இது கூடுதல்.

அதிகம் இறங்குவது ஆபரேஷன் நடக்கும்போது அல்ல. குழந்தை தூங்கியதற்கும் சர்ஜன் கத்தி வைப்பதற்கும் நடுவில் இருக்கும் பத்துப் பதினைந்து நிமிடத்தில்தான். மயக்கம் முழுதாக இருக்கும், வலியின் தூண்டுதல் இருக்காது. கத்தி பட்டதும் பிபி தானாகக் கொஞ்சம் ஏறும்.

இந்த இடைவெளியில் நடக்கும் ஒரு தவறைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். மாஸ்க் வைக்கும்போது செவோஃப்ளுரேன் டயல் 8 சதவீதத்தில் இருக்கும். குழந்தை தூங்கியதும் அதை 2, 3-க்கு இறக்க வேண்டும். புசுபுசுவென்ற கையில் நரம்பு கிடைக்காமல் இரண்டு பேர் தேடிக்கொண்டிருக்கும்போது டயலை இறக்க மறந்துபோவது சகஜம். ஐந்து நிமிடம் கழித்து முதல் பிபி வரும்போது எண் தரையில் கிடக்கும். நரம்பு தேடுபவர் ஒருவர், டயலையும் மூச்சையும் பார்ப்பவர் வேறொருவர் என்று முன்னமே பேசிவைத்துக்கொண்டால் இது நடக்காது.

எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை பிபி எடுக்க வேண்டும்?

அதிகபட்ச இடைவெளி 5 நிமிடம். மயக்கம் கொடுத்த முதல் பதினைந்து நிமிடத்துக்கு 2 அல்லது 3 நிமிடம் வைப்பது நல்லது. ஒரு நிமிடத்துக்கு ஒரு தடவை என்று நெடுநேரம் ஓடவிட்டால் கையில் சிவப்புப் புள்ளிகள் வரும், நரம்பு அழுந்தும். மெஷின் குழந்தைக்கான மோடில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பெரியவர் மோடில் இருந்தால் முதல் தடவையே தேவைக்கு மேல் காற்றை ஏற்றிச் சின்னக் கையை நெரித்துவிடும்.

முதல் நாள் ராத்திரியே சாப்பாட்டை நிறுத்தச் சொல்கிறார்கள். பட்டினிக்கும் பிபிக்கும் சம்பந்தம் உண்டா?

நிறையவே உண்டு. பெற்றோர் கையில் இருக்கும் ஒரே விஷயமும் இதுதான்.

வயிற்றில் உணவு இருந்தால் மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போகும். அதனால்தான் பட்டினி. ஆனால் திட உணவுக்கு ஒரு கணக்கு, தண்ணீருக்கு வேறு கணக்கு. எண்ணெயில் பொரித்தது, நெய் ஊறியது, கறி: 8 மணி நேரம். இட்லி, ரொட்டி மாதிரி லேசான உணவு, பசும்பால், பவுடர் பால்: 6 மணி. தாய்ப்பால்: 4 மணி. தெளிந்த திரவம்: 2 மணி. தெளிந்த திரவத்துக்கு 1 மணி போதும் என்று ஐரோப்பிய நாடுகளில் இப்போது வழக்கம். இங்கும் சில டாக்டர்கள் அதையே பின்பற்றுகிறார்கள். உங்கள் டாக்டர் சொல்வது எதுவோ அதுவே உங்களுக்கு விதி.

குழப்பம் வருவது "தெளிந்த" என்ற சொல்லில். டம்ளரின் மறுபக்கம் வைத்த எழுத்து திரவத்தின் வழியே படிக்கத் தெரிய வேண்டும். வெறும் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், வழுக்கை இல்லாமல் வடிகட்டிய இளநீர், பால் சேர்க்காத தேநீர் சரி. நீர்மோர் தெளிந்ததல்ல. கஞ்சித் தண்ணீரும் ராகிக் கூழும் தெளிந்ததல்ல. "ரெண்டு வாய் பால்தானே" என்று ஆயா புகட்டும் பால் ஆறு மணி நேரக் கணக்கில் சேரும். விசேஷ வீட்டிலிருந்து வந்த கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் எண்ணெயில் பொரித்தவை. ஒன்று தின்றாலும் எட்டு மணி நேரம்.

காலை 9 மணிக்கு ஆபரேஷன் என்றால்: முதல் நாள் இரவு எட்டு, ஒன்பது மணிக்குள் வழக்கமான சாப்பாடு. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குக் காலை 5 மணி வரை கொடுக்கலாம். அதற்காக அலாரம் வைத்துக் குழந்தையை எழுப்ப வேண்டும். 7 மணிக்குச் சர்க்கரைத் தண்ணீர், கிலோவுக்கு 3 மி.லி., அதாவது 10 கிலோ குழந்தைக்கு 30 மி.லி.

நடைமுறையில் என்ன நடக்கிறது? ராத்திரி எட்டு மணியோடு தண்ணீர்கூடக் கொடுக்காமல், விடியற்காலை மதுரை பஸ் பிடித்து, ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்து, லிஸ்ட்டில் மூன்றாவதாக இருக்கும் குழந்தை பதினோரு மணிக்கு உள்ளே போகிறது. பதினைந்து மணி நேரம். சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்தக் குழந்தையின் நரம்பு சுருங்கிக் கிடக்கும், ஊசி ஏறாது. விழித்திருந்தவரை ரத்தக்குழாய்களை இறுக்கிக்கொண்டு பிபியைத் தாங்கிப் பிடித்திருக்கும். செவோஃப்ளுரேன் அந்த இறுக்கத்தைத் தளர்த்திய நொடியில் பிபி சரியும். "மயக்க மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று பிறகு சொல்லப்படுவதில் பாதி, வெறும் தாகம்.

ஆகவே லிஸ்ட் தள்ளிப்போகிறது என்று தெரிந்தால் வாயைத் திறந்து கேளுங்கள்: "சிஸ்டர், இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகுமா? தண்ணி கொடுக்கலாமா?" கேட்பது உங்கள் உரிமை. சிஸ்டர் டாக்டரிடம் கேட்டுச் சொல்லட்டும். நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

பிபி இறங்கினால் குழந்தையின் மூளை பாதிக்குமா?

சில நிமிடம் கொஞ்சம் இறங்கித் திரும்பினால் ஆரோக்கியமான குழந்தைக்குப் பாதிப்பு வருவதில்லை. பிபி ஏறினாலும் இறங்கினாலும் ஓர் எல்லைக்குள் மூளை தன் ரத்த ஓட்டத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். பச்சிளங்குழந்தைகளிலும் குறைமாதத்தில் பிறந்தவர்களிலும் அந்த எல்லை குறுகியது. அவர்களுக்குத்தான் கவனம் அதிகம் தேவை.

2014-இல் அமெரிக்க மருத்துவர்கள் ஆறு சிசுக்களைப் பற்றி எழுதினார்கள். வழக்கமான ஆபரேஷனுக்குப் பின் அவர்களுக்கு வலிப்பும் மூளைப் பாதிப்பும் வந்திருந்தன. எல்லோரும் தாயின் கடைசி மாதவிடாயிலிருந்து கணக்கிட்டால் 48 வாரத்துக்கு உட்பட்டவர்கள். மயக்கத்தில் பிபி தாழ்ந்திருந்தது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் எடுத்துக்காட்டியது. அந்த எச்சரிக்கைக்குப் பின் சிறு சிசுக்களின் சராசரி அழுத்தத்தை இன்னும் கறாராகப் பார்க்கிறார்கள்.

பிபி மட்டும் பார்த்தாலும் போதாது. வென்டிலேட்டரை அல்லது கைப்பையை வேகமாக அழுத்திக் கரியமில வாயுவை 25-க்கு இறக்கிவிட்டால் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். பிபியும் குறைவு, கரியமிலமும் குறைவு என்றால் மூளைக்கு இரட்டை நஷ்டம். மூச்சு வழி வெளியேறும் கரியமிலம் 35 முதல் 45-க்குள் இருக்கட்டும்.

மயக்க மருந்தே புத்தி வளர்ச்சியைக் கெடுக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இல் கொடுத்த எச்சரிக்கை, மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் அல்லது பல தடவை கொடுப்பதைப் பற்றியது. குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்த எழுநூறுக்கு மேற்பட்ட சிசுக்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு முழு மயக்கமும் மற்றதற்கு முதுகில் மரத்துப்போகும் ஊசியும் கொடுத்து, ஐந்து வயதில் பார்த்த முடிவு 2019-இல் வந்தது. ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட மயக்கம் பெற்றவர்களின் புத்தி வளர்ச்சியில் வித்தியாசம் இல்லை.

பிபி குறைந்தால் தியேட்டரில் என்னென்ன செய்ய வேண்டும்?

முதலில் எண் உண்மையா என்று பாருங்கள். கஃப் நழுவியிருக்கலாம், சர்ஜனின் இடுப்பு அந்தக் கைமேல் சாய்ந்திருக்கலாம். மறுபடி எடுக்கச் சொல்லி பட்டனை அழுத்திவிட்டு, அந்த அரை நிமிடத்தில் குழந்தையைத் தொட்டுப் பாருங்கள்: கை மூட்டில் நாடி கிடைக்கிறதா, பாதம் சில்லென்று இருக்கிறதா, நெஞ்செலும்பில் விரலால் 5 விநாடி அழுத்தி எடுத்தால் 2 விநாடிக்குள் நிறம் திரும்புகிறதா. மானிட்டரில் மூச்சின் கரியமில வாயுவைக் காட்டும் கோடு திடீரெனச் சரிந்திருந்தால் எண் பொய்யில்லை. இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறுவதே குறைந்திருக்கிறது.

உண்மை என்றால் செவோஃப்ளுரேனைக் குறையுங்கள், ஆக்சிஜனைக் கூட்டுங்கள், சர்ஜனிடம் சொல்லுங்கள். வயிற்றுக்குள் காற்று ஏற்றியிருந்தால் காற்றை விடுவிப்பதும், ரத்தக்குழாயை அழுத்தும் ரிட்ராக்டரை (திசுவை விலக்கிப் பிடிக்கும் கருவியை) தளர்த்துவதும் மருந்தைவிட வேகமாக வேலை செய்யும்.

அடுத்து திரவம். ரிங்கர் லாக்டேட் கிலோவுக்கு 10 மி.லி. பத்துக் கிலோ குழந்தைக்கு 100 மி.லி., ஐந்து முதல் பத்து நிமிடத்தில். பாட்டிலைத் தொங்கவிட்டுக் கண்ணளவில் விடக் கூடாது. 20 அல்லது 50 மி.லி. சிரிஞ்சில் மூன்றுவழி அடைப்பான் வழியாக இழுத்துத் தள்ளினால்தான் எவ்வளவு போனது என்று சொல்ல முடியும். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸையும் ஐசோலைட் பி-யையும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அவற்றில் உப்பு குறைவு. வேகமாக ஏற்றினால் ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பு வரும்.

திரவத்துக்கும் அசையவில்லை என்றால் மருந்து. எபிட்ரின் கிலோவுக்கு 0.1 முதல் 0.2 மி.கி. 30 மி.கி. ஆம்பூலை 10 மி.லி. ஆக்கினால் மி.லி.க்கு 3 மி.கி. சிசுக்களுக்கு இது பலசமயம் போதாது. அட்ரினலின் கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் கொடுப்பது அவர்களுக்குப் பொருந்தும்: 1 மி.கி. ஆம்பூலை 100 மி.லி. சலைனில் கலந்தால் மி.லி.க்கு 10 மைக்ரோகிராம், பத்துக் கிலோ குழந்தைக்கு 1 மி.லி. கலந்த பாட்டிலில் அந்த நொடியே பெரிய எழுத்தில் லேபிள் ஒட்டுங்கள். லேபிள் இல்லாத 100 மி.லி. பாட்டிலை இன்னொருவர் ஆன்டிபயாட்டிக் கலக்க எடுத்துவிடுவார். ஃபினைல்எஃப்ரின் ரத்தக்குழாயை இறுக்கும், ஆனால் நாடியைக் குறைத்துவிடும். சிசுக்களுக்கு அது பொருந்தாது.

இவ்வளவுக்கும் பிறகு பிபி எழவில்லை, தோல் சிவந்து தடிக்கிறது, நுரையீரலில் விசில் சத்தம் கேட்கிறது என்றால் ஒவ்வாமை. சற்றுமுன் போட்ட ஆன்டிபயாட்டிக்கையும் தசைத் தளர்ச்சி மருந்தையும் நினைத்துப் பாருங்கள். தோல் சிவக்காமலும் ஒவ்வாமை வரலாம். துணி மூடியிருப்பதால் தெரியாமலும் போகலாம். அதற்கும் முதல் மருந்து அட்ரினலின்தான்.

நாடித் துடிப்பு குறைந்தால்?

சிசுவின் இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தத்தை அதிகம் கூட்ட இயலாது. எத்தனை தடவை துடிக்கிறது என்பதைக் கொண்டே அதன் ரத்த ஓட்டம் நிற்கிறது. நாடி 130-லிருந்து 80-க்கு வந்துவிட்டால், பிபி இன்னும் விழாமல் இருந்தாலும், ரத்த ஓட்டம் விழுந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

காரணம் முதலில் ஆக்சிஜன் குறைவா என்று பாருங்கள். குழந்தைகளில் நாடி தாழ்வதற்கு அதுவே முதல் காரணம். குழாய் நழுவியதா, மடிந்ததா, குரல்வளை இறுகியதா. மாறுகண் ஆபரேஷனில் கண் தசையைப் பிடித்து இழுக்கும்போது நாடி படாரென்று விழும். சர்ஜன் இழுப்பதை நிறுத்தினாலே திரும்பிவிடும். திரும்பவில்லை என்றால் அட்ரோபின் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். இங்கே கிடைக்கும் ஆம்பூல் மி.லி.க்கு 0.6 மி.கி. பத்துக் கிலோவுக்கு 0.2 மி.கி., அதாவது ஆம்பூலில் மூன்றில் ஒரு பங்கு. ஆக்சிஜன் கொடுத்தும் நாடி 60-க்குக் கீழே, உடம்பும் வெளிறியிருக்கிறது என்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும், நாடி முழுதாக நிற்கும்வரை காத்திருக்கக் கூடாது.

பிபி ஏறினால் கவலைப்பட வேண்டாமா?

பெரும்பாலும் மயக்கம் போதவில்லை அல்லது வலி. சிறுநீர்ப்பை நிரம்பியிருப்பதும், கரியமில வாயு தேங்குவதும், சின்னக் கஃபும் காரணமாகலாம்.

ஒன்று மட்டும் தனி. கண்மணியை விரிக்கவும் மூக்கில் ரத்தத்தை நிறுத்தவும் போடும் ஃபினைல்எஃப்ரின் சொட்டு. 10 சதவீத மருந்தின் ஒரு சொட்டு சுமார் 0.05 மி.லி. என்றால் அதில் 5 மி.கி. இருக்கிறது. 25 கிலோவுக்குட்பட்ட குழந்தைக்கு முதல் அளவு கிலோவுக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று நியூயார்க்கில் 2000-இல் வகுத்தார்கள். பத்துக் கிலோவுக்கு அது 0.2 மி.கி. ஒரே சொட்டு, இருபத்தைந்து மடங்கு. குழந்தைகளின் கண்ணுக்கு 2.5 சதவீதத்தைத்தான் எடுக்க வேண்டும். போட்டதும் கண்ணின் உள்முனையை விரலால் அழுத்தி, வழிந்ததைத் துடைக்க வேண்டும். இதனால் பிபி எகிறினால் மயக்கத்தை ஆழமாக்கிக் காத்திருங்கள், சில நிமிடத்தில் இறங்கிவிடும். லேபெடலால், எஸ்மோலால் வகை மருந்தைக் கொடுக்கப் போக, இறுகிய குழாய்களை எதிர்த்துத் தள்ள முடியாமல் இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்து உயிரிழப்பு வரை போன சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன.

முதுகில் ஊசி போட்டால் பெரியவர்களுக்குப் பிபி விழுமே, குழந்தைக்கு?

ஆறேழு வயது வரை அநேகமாக விழாது. கால்களில் தேங்கும் ரத்தம் அவர்களுக்குக் குறைவு, ரத்தக்குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் நரம்பு வேலையும் இன்னும் முழுதாகத் தொடங்கவில்லை. எனவே வால் எலும்புப் பக்கம் ஊசி போட்ட சிசுவுக்குப் பிபி சரிந்தால், ஊசியைக் குறை சொல்லிவிட்டு விடாமல் வேறு காரணம் தேடுங்கள். மருந்து ரத்தக்குழாய்க்குள் போயிருக்கலாம்.

டான்சில் ஆபரேஷனுக்குப் பிறகு பிபி நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஆனால் குழந்தை வெளிறிப்போய் இருக்கிறது.

குழந்தையை நம்புங்கள், எண்ணை நம்பாதீர்கள். பத்துக் கிலோ குழந்தைக்கு மொத்த ரத்தமே சுமார் 800 மி.லி. அதில் கால் பங்குக்கு மேல் போகும்வரை குழந்தை ரத்தக்குழாய்களை இறுக்கிப் பிபியைத் தாங்கும். பிறகு ஒரேயடியாக விழும். நாடி ஏறிக்கொண்டே போவது, பாதம் சில்லிடுவது, தூங்கும்போதே அடிக்கடி விழுங்குவது இவைதான் முன்னால் வரும் அடையாளங்கள். டான்சில் ரத்தம் வெளியே தெரியாது, வயிற்றுக்குள் போகும். உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

தியேட்டரில் ரத்தம் ஊறிய பஞ்சை எடை போடுங்கள். உலர்ந்த எடையைக் கழித்து, ஒரு கிராமுக்கு ஒரு மி.லி. பத்துக் கிலோ குழந்தையிடம் நான்கு பஞ்சு முழுதாக நனைவது அற்பமல்ல.

பெரிய ஆபரேஷன்களில் நேரடியாக ரத்தக்குழாயில் டியூப் வைத்து அளப்பதில் என்ன கோளாறு வரும்?

உயரம். டியூபோடு சேர்ந்து அழுத்தத்தை அளக்கும் டிரான்ஸ்டியூசர் இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். 10 செ.மீ. கீழே தொங்கினால் பிபி 7.5 கூடுதலாகக் காட்டும். சராசரி 40 இருக்க வேண்டிய சிசுவுக்கு அது பெரிய தப்பு. டேபிளை ஏற்றி இறக்கும் ஒவ்வொரு தடவையும் மட்டத்தை மறுபடி பாருங்கள். டியூபில் ஒரு குமிழி இருந்தாலும் அலை மழுங்கி, மேல் அளவு குறைந்து தெரியும்.

டாக்டரிடம் முன்கூட்டியே என்ன சொல்ல வேண்டும்?

குறைமாதத்தில் பிறந்ததா, எத்தனை வாரத்தில். பால் குடிக்கும்போது வியர்க்கிறதா, நீலம் பாய்கிறதா. பத்து நாளுக்குள் சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு. ரத்தக்கட்டி மச்சத்துக்கு புரோபிரனலால், சிறுநீரகக் கோளாறுக்கு எனலாப்ரில் போன்ற மருந்து எதுவும் நடக்கிறதா. இவை பிபியை நேராகப் பாதிக்கும். நாட்டு மருந்து, லேகியம் கொடுத்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள். சொந்தத்தில் யாராவது மயக்க மருந்திலிருந்து நெடுநேரம் விழிக்காமல் இருந்ததுண்டா, ஆபரேஷனில் காய்ச்சல் எகிறியதுண்டா என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு வாருங்கள். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்த வீடுகளில் இந்தக் கேள்வி இன்னும் முக்கியம்.

காரைக்குடியிலேயே செய்யலாமா, மதுரைக்குக் கொண்டுபோக வேண்டுமா?

ஒரு வயதைக் கடந்த ஆரோக்கியமான குழந்தைக்குக் குடலிறக்கம் போன்றவற்றை, குழந்தைகளுக்கு அடிக்கடி மயக்கம் கொடுக்கும் டாக்டரும் சரியான அளவுக் கஃபும் குழாயும் இருக்கும் இடத்தில் ஊரிலேயே செய்யலாம். குறைமாதத்தில் பிறந்து, தாயின் கடைசி மாதவிடாயிலிருந்து 60 வாரம் ஆகாத சிசு, இதயக் கோளாறு உள்ள குழந்தை, நுரையீரல் பலவீனம், அதிக ரத்தம் போகக்கூடிய ஆபரேஷன் இவற்றுக்குக் குழந்தைகள் ஐசியு வேண்டும். மதுரையோ திருச்சியோ 90 கிலோமீட்டர் சுற்றில்தான் இருக்கிறது. நேரம் இருக்கும்போது போவது வேறு, ராத்திரி 108-இல் விரைவது வேறு. "குழந்தைக்கு எந்த அளவுக் கஃப் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். கேள்வி சிறியது, பதில் நிறையச் சொல்லும்.

வார்டுக்கு வந்த பிறகு பிபி விழுமா?

விழலாம். ரத்தக்கசிவு, போதாத திரவம், வலி மருந்து எனக் காரணங்கள் பல. அதிகம் பேசப்படாத ஒன்று, டிரிப்ஸ் ஊசியின் முனையில் தங்கிய மருந்து. தியேட்டரில் கடைசியாகப் போட்ட தசைத் தளர்ச்சி மருந்தில் துளி ஊசிக்குள் தங்கிவிடும். வார்டில் ஆன்டிபயாட்டிக் தள்ளும்போது அதுவும் உள்ளே போய், குழந்தையின் மூச்சு நின்று, பிறகு நாடியும் பிபியும் விழும். தியேட்டரை விட்டு வெளியே வரும் முன் ஊசியையும் மூன்றுவழி அடைப்பானையும் சலைனால் நன்றாகக் கழுவிவிட்டு, கழுவியதைச் சார்ட்டில் எழுத வேண்டும். வார்டு சிஸ்டர் குழந்தையை வாங்கும்போது அந்த வரி இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் எதைக் கவனிக்க வேண்டும்?

வீட்டில் பிபி எடுக்க வேண்டாம், பெரியவர்களின் மெஷின் குழந்தைக்குத் தப்பான எண்ணைத்தான் காட்டும். எட்டு மணி நேரத்தில் ஒரு தடவையாவது சிறுநீர் போக வேண்டும். முதலில் தண்ணீர், பிறகு கஞ்சி, வாந்தி இல்லையென்றால் இட்லி. கூப்பிட்டும் கண் திறக்காத தூக்கம், சில்லிட்ட கைகால், ரத்த வாந்தி, வேக மூச்சு இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள். டிஸ்சார்ஜ் சீட்டையும் மயக்க மருந்துச் சார்ட்டின் நகலையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.